பத்தொன்பது பேரும் இல்லை என்றோம்

"தந்தையரிடம் எவ்வித நடத்தை மாற்றமும் காணப்படவில்லை. குழந்தைகளைப் பராமரிப்பதில் அவர்களுக்கு ஆர்வமும் இல்லை. எனவே இத்திட்டத்தை மார்ச் மாத இறுதியோடு நிறுத்திவிடலாம்."

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் எங்களைப் பற்றி எழுதப்பட்ட முதல் அறிக்கை இதுதான். எழுதியவள் மதுரையிலிருந்து வந்த பிருந்தா என்கிற பெண். தப்பு அவள் மேல் இல்லை. அவள் கேட்டாள், நாங்கள் சொன்னோம், எழுதிக்கொண்டு போனாள். பத்தொன்பது தகப்பன்மாரை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஆளுக்குப் பதினான்கு கேள்வி கேட்டாள். பத்தொன்பது பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொய் சொன்னோம். முதலில் சொன்னவன் அகமது மீரானாகிய நான்தான்.

ஏன் சொன்னோம் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி ஓடவில்லை. ஆம்பிளைகள் வேலை கிடைத்த நாளில் மூட்டை தூக்கினோம், கிடைக்காத நாளில் கனி காக்காவின் டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்தினோம். வீட்டில் பெண்கள் பீடி சுற்றினார்கள். மடியில் முறம் போல ஒரு சுளகு, சுளகில் இலை, இலையில் புகையிலைத் தூள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் தலையைத் தூக்குவதில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் மைதீன் பிச்சையின் ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் என் மனைவி ஜுபைதாவும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவார்கள். தூள் காற்றிலேயே நிற்கும். அதற்குள்ளேதான் என் மகள் ஹம்னா தவழ்ந்தாள். எட்டாம் மாதத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். உதடு கறுத்துவிடும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடின நாட்களை நான் எண்ணி வைக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் நல்ல மனுசன். "பிள்ளையைப் புகையிலைத் தூள் பக்கமே விடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். எங்கே விடுவது என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் வீடா எங்கள் வீடு?

அந்தச் சமயத்தில்தான் ஒரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து 'ஏழைத் தகப்பன்மார் ஆதரவுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முன்பு நூல் மூட்டைகளை அடுக்கிவைத்து, பிறகு பூட்டிக் கிடந்த பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தகப்பன்மாரே முறை வைத்துப் பகலில் அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் இருமுறை ஒரு நர்சம்மா வந்து கற்றுக்கொடுப்பாள். அவ்வளவுதான் திட்டம்.

நர்சம்மா பெயர் சண்முகசுந்தரி. தச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடச் சுத்தம். பிள்ளையைத் தலை நனையாமல் குளிப்பாட்டுவது, சத்துமாவைக் கட்டி விழாமல் கிண்டுவது, மூச்சு இழுக்கும்போது படுக்கவைக்காமல் நிமிர்த்தி மடியில் வைப்பது, எந்த நிலையில் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தாள். தறியில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிணைக்கிற கைகள் எங்களுக்கு. சீக்கிரமே பிடித்துக்கொண்டோம்.

ஆனால் வெளியே சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆம்பிளை பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறான் என்று தெரிந்தால் கனி கடையில் அப்புறம் உட்கார முடியுமா? அதற்குக் கிட்டங்கியே ஒரு வழி காட்டியது. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் பெரிய தெருவில், பின்வாசல் குறுகலான முடுக்குச் சந்தில். முன்வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே ஒரு ஆயா இருப்பதாகத் தெரு நினைத்துக்கொண்டது. பின்வாசலில் 'நெசவாளர் படிப்பகம்' என்று ஒரு போர்டை மாட்டிவிட்டு நாங்கள் அந்த வழியாக நுழைந்தோம். பேப்பர் படிக்கப் போகிறார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டது. நடுவில் ஒரு சுவர் இருப்பதாகவும் அதுவாகவே நினைத்துக்கொண்டது. சுவர் கிடையாது. மூன்று வருசம் இந்தக் கூத்து நடந்தது.

பெண்டாட்டிமாருக்கு எல்லாம் தெரியும். எங்களைவிட அவர்கள்தான் ரகசியத்தைக் கட்டிக்காத்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் காலை நீட்டி உட்கார்ந்து "தண்ணி" என்பேன். ஜுபைதா சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து மோந்து கொண்டுவருவாள். மாமனார் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். தன் மருமகன் ஆம்பிளைதான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. ஹம்னா அந்த மூன்று வருசத்தில் ஒருநாள்கூட கிட்டங்கிக்குள் மூச்சு இழுக்கவில்லை. எனக்கு அது போதும். மற்றதெல்லாம் நாடகமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு பிருந்தா வந்தாள். திட்டத்தால் பலன் இருக்கிறதா என்று பார்த்து எழுத அவளை அனுப்பியிருந்தார்கள். முந்தின வாரமே சுந்தரி எச்சரித்தாள். "உள்ளதச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கக் கூடாதாம். அதான் சட்டமாம். நீங்கதான் வாயத் தொறக்கணும்" என்றாள். "அதெல்லாம் பாத்துக்கிடுதோம் நர்சம்மா" என்றோம்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். பிருந்தா வந்த ஜீப் முன்வாசலில் நின்றதும் தெருவே கூடிவிட்டது. கதவு திறந்தால் உள்ளே நாங்கள் நிற்பது எல்லோர் கண்ணிலும் படும். அன்றைய முறைக்கு உள்ளே இருந்த நாங்கள் நான்கு பேரும் பின்வாசல் வழியாக ஓடினோம். ஓடுகிற வழியில் சொரிமுத்துவுக்கு மூளை வேலை செய்தது. சொரிமுத்து எங்களில் ஒருத்தன், பக்கத்துத் தெருவில் கைவண்டி இழுக்கிறவன், இரட்டைப் பிள்ளைக்காரன். முடுக்கில் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த தன் அக்காவை இழுத்து உள்ளே தள்ளி, "நீதான் ஆயா, பேசாம உக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பொம்பளை குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாளாம். பிருந்தா அதைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள்.

அடுத்து கேள்விகள். திட்டம் நடக்கிற இடத்தில் வைத்துக் கேட்கக்கூடாது என்பதும் அவர்கள் சட்டம். அதனால் கனி காக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா? அடுப்புக்குப் பின்னால் கனி காக்கா. எதிர் பெஞ்சில் என் மாமனார். சுற்றி ஏழெட்டுப் பேர், வேலை வெட்டி இல்லாமல்.

"போன வாரம் உங்க குழந்தையை நீங்க குளிப்பாட்டினீங்களா சார்?" என்று பிருந்தா கேட்டாள்.

"நானா? நல்லாக் கேட்டீய போங்க" என்றேன். கடையே சிரித்தது.

"சோறு ஊட்டினீங்களா?"

"அதுக்குத்தான் அவ உம்மா இருக்காளே."

"எம் மாப்ள தண்ணியக்கூட அவராக் கோரிக் குடிக்க மாட்டாரு" என்று மாமனார் பெருமையாக எடுத்துக்கொடுத்தார்.

பதினான்கு கேள்விக்கும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் அப்படியே போட்டார்கள். பிருந்தா வீடுகளுக்குள் போய்ப் பெண்களிடமும் கேட்டாள். அவர்கள் எங்களையும் மிஞ்சிவிட்டார்கள். "அவுக ஒரு தம்ளரத் தூக்கி அங்கன வைக்க மாட்டாவ" என்றாளாம் ஜுபைதா. புருசன் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவளுக்கு.

இரண்டு வாரம் கழித்து சுந்தரி அந்த அறிக்கையின் நகலோடு வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் திட்டினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? மூணு வருசமா நாங் கத்துக் குடுத்தது என்ன, நீங்க சொல்லி வச்சிருக்கது என்ன? மார்ச்சு கடைசில பூட்டப் போறாவ. சந்தோசமா?"

சொரிமுத்து தலையைச் சொறிந்தான். "அப்ப நாங்க சொன்னத நெசம்னு எழுதிப்புட்டாளா அந்தம்மா?"

"பின்ன? நீங்க கண்ணடிச்சுக்கிட்டா சொன்னீங்க?"

எனக்கு அப்போது ஹம்னாதான் கண்முன் வந்தாள். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் கிட்டங்கி பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்கு இழுப்பு வந்து, நான் செருப்பைக்கூடத் தேடாமல் ஆட்டோவில் ஏறினேன். நாலு நாளைக்கே அந்தப் பாடு. மார்ச்சுக்குப் பிறகு எல்லா நாளும் அவள் அந்த அறைக்குள்தான். சுளகுக்கும் சுளகுக்கும் நடுவே. நான் சொன்ன இல்லைகளால் என் மகள் மூச்சை நானே நிறுத்தப் பார்த்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அந்தம்மாவ இங்கன கூட்டிட்டு வாங்க நர்சம்மா. பின்வாசல் வழியா. சொல்லாமக் கொள்ளாம" என்றேன்.

அறிக்கையை எங்களிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்க பிருந்தா மறுபடியும் திருநெல்வேலி வந்திருந்தாள். மறுநாள் காலையில் சுந்தரி அவளை முடுக்கு வழியாகக் கூட்டிவந்தாள். நாங்கள் எதையும் மாற்றி வைக்கவில்லை. சொரிமுத்து ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒருவர் தொட்டில் ஆட்டிக்கொண்டே தூங்கியிருந்தார். நான் ஹம்னாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பிருந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அந்த ஆயா எங்கே?"

"ஆயாவே கெடையாதும்மா. அது எங்கக்கா" என்றான் சொரிமுத்து.

எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு பிள்ளை வந்து அவள் புடவையைப் பிடித்து எழுந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது மட்டும் போதாது. பத்துப் பேருக்கு முன்னாடி இல்லைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப கதவைச் சாத்திக்கிட்டு ஆமாங்கறீங்க. இடம் பறிபோகுதுன்னு மாத்திச் சொல்றாங்கன்னுதான் மேலே இருக்கறவங்க சொல்வாங்க. நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு அந்தப் பத்தொன்பது கையெழுத்து போதும்."

"அப்ப என்ன செய்யணுங்கீய?"

"எங்கே இல்லைன்னு சொன்னீங்களோ அங்கேயே ஆமான்னு சொல்லணும். அதே ஆளுங்க முன்னாடி. குழந்தையோட அம்மாவும் ஒத்துக்கணும். அப்படின்னா பழசை அடிச்சுட்டு நான் புதுசா எழுதுவேன். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

தொட்டில் ஆட்டியவர் விழித்துக்கொண்டு, "பூட்டுனா பூட்டிட்டுப் போகட்டும். கனி கடையில போயி நாம இதச் சொல்லுததா?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "வே, ஒம்ம மவன் வயித்தால போயிக் கண்ணு சொருகிக் கெடந்தப்ப உப்பும் சீனியும் கலக்கி, சங்கு சங்கா ஊத்திக் காப்பாத்துனது யாரு? நீருதானே? அதச் சொல்ல வெக்கமா இருக்கா ஒமக்கு? திருடுனமா நாம?" என்றேன். நான் யாரையோ திட்டுவது போலத் திட்டினேனே தவிர, எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

"பாய், நீங்க மொதல்ல சொன்னா நான் ரெண்டாவது சொல்லுதேன்" என்றான் சொரிமுத்து. பொய்யிலும் அந்த வரிசைதான் இருந்தது.

அன்று சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கடைக்கு வருகிற நேரம். கனி காக்கா பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். மாமனார் அவருடைய இடத்தில் இருந்தார். பிருந்தா அதே பெஞ்சில் உட்கார்ந்து புதுத் தாளை எடுத்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேரும் வந்து நின்றார்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி. ஓடுவதற்கு வசதியாக.

"என்னலே மீரான், அந்தம்மாவுக்கு இன்னும் ஒம் மேல ஆச தீரலியா?" என்றார் கனி காக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"போன தடவ நான் சொன்னது அம்புட்டும் பொய்யி காக்கா. இன்னைக்கு உள்ளதச் சொல்ல வந்திருக்கேன்" என்றேன். பிறகு பிருந்தாவைப் பார்த்து, "கேளுங்கம்மா" என்றேன்.

"போன வாரம் உங்க குழந்தையை நீங்க குளிப்பாட்டினீங்களா?"

"ஆமா. ஆறு நாளும் நாந்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆற்றின பால் தம்ளருக்கு வெளியே விழுகிற சத்தம் கேட்டது.

"சோறு ஊட்டினீங்களா?"

"ஊட்டுனேன். எம் புள்ளைக்கு மட்டுமில்ல. மொறை வர்ற அன்னைக்கு அங்கன உள்ள அம்புட்டுப் புள்ளைக்கும்."

"மாப்ள" என்றார் மைதீன் பிச்சை மாமா. குரல் தாழ்ந்துதான் இருந்தது. "என்ன பேசுதீரு? தலைக்கு ஏதும் ஏறிப்போச்சா?"

"இல்ல மாமா. மூணு வருசமா நான் படிப்பகத்துக்குப் போகல. புள்ளையளப் பாக்கத்தான் போனேன். அங்கன ஆயான்னு ஒருத்தி கெடையாது. நாங்கதான் ஆயா."

கடைக்குள்ளிருந்து யாரோ ஒருவன் "ஆயா மீரான்" என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பு எழுந்தது, முன்னைவிடப் பெரிதாக. என் காதெல்லாம் சுட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் எழுந்து ஓடாமல் இருந்ததுதான் என் ஆயுசிலேயே நான் செய்த கஷ்டமான வேலை. தறிக்குழியில் பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்தபோதுகூட இடுப்பு அப்படி வலித்ததில்லை.

மாமனார் எழுந்தார். அவர் கெட்ட மனுசர் இல்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாலு பெண்மக்களைப் பட்டினி போடாமல் வளர்த்தவர். தெருவில் அவர் சொன்னால் எடுபடும். அதுதான் அவருக்கு மிச்சமிருந்த சொத்து. அது தன் மருமகன் வாயால் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

"மைதீன் பிச்ச மருமவன் பீ அள்ளுதான்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லும். இத்தோட எந்திரிச்சு வந்தா சரி. இல்லன்னா எம் வீட்டுப் படி ஏறாதீரும்."

போக எனக்கு வேறு வீடு கிடையாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஹம்னா அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அந்தத் தூளுக்குள். எழுந்து போனால் படி ஏறலாம். ஏறி, மார்ச்சுக்குப் பிறகு அவள் விலா உள்ளே போய் வருவதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"அடுத்த கேள்வியக் கேளுங்கம்மா" என்றேன்.

பிருந்தா மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குழந்தை மலம் கழிச்சா சுத்தம் செய்யறது யார்?"

"நான். அப்புறம், இந்தா நிக்கானுவளே, இவனுவ எல்லாரும்."

"குழந்தைக்கு உடம்பு சரியில்லாமப் போனா அறிகுறி தெரியுமா?"

"எதச் சொல்ல? எம் மவளுக்கு இழுப்பு வருமுன்ன மூக்கு ரெண்டும் விடைக்கும். சொரிமுத்து மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தா காதத்தான் மொதல்ல பிடிப்பான்." இதைச் சொல்லிவிட்டுக் கனி காக்காவைப் பார்த்தேன். "ஒங்க பேரனுக்குச் சொல்லட்டா காக்கா? சோத்த எடது கன்னத்துல அடக்கி வச்சுக்கிடுவான். முழுங்க மாட்டான். பாட்டுப் பாடுனா முழுங்குவான். வலது தொடையில மொளகு கணக்கா ஒரு மச்சம் இருக்கு. கழுவுன எனக்குத் தெரியும்."

கனி காக்காவின் மகன் சவூதியில், தம்மாமில் இருந்தான். பேரன் பிறந்து அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. மருமகள்தான் பிள்ளையைக் கொண்டுவந்து முன்வாசலில் விடுவாள். தகப்பன் இல்லாத பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்று திட்டத்தில் எழுதியிருந்தது. நாங்கள் எங்களில் ஒருவர் பிள்ளை என்று கணக்குக் காட்டிச் சேர்த்துக்கொண்டோம்.

கனி காக்கா தம்ளரைக் கீழே வைத்தார்.

"பய அழுவானால?" என்றார் பைய.

"மொதல்ல அழுதான். இப்ப அழமாட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போகத்தான் அழுவுதான்."

அதற்குமேல் கடையில் யாரும் சிரிக்கவில்லை. சொரிமுத்து ஓரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "பாய் முடிச்சதும் என்னக் கேளுங்கம்மா. எனக்கு ரெண்டு புள்ள, ரெண்டு தாளா எழுதணும்" என்றான். அவனுக்குப் பின்னால் தொட்டில்காரர் வந்தார். அப்புறம் யார் முதலில் என்று தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. பொய் சொல்லும்போது அவ்வளவு அவசரம் ஒருவனுக்கும் இல்லை.

கிட்டங்கி பூட்டப்பட்டதா என்று கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், பூட்டவில்லை. பிருந்தா சொன்னபடி பழசை அடித்துவிட்டு எழுதினாள், மேலே இருந்தவர்களிடம் சண்டையும் போட்டாள். ஹம்னா பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் அங்கேதான் வளர்ந்தாள். ஆனால் என் பேச்சை மட்டும் கேட்டு அது நடக்கவில்லை.

பதினான்காவது கேள்வி முடிந்ததும் பிருந்தா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் 'தாயின் கூற்று' என்று ஒரு கட்டம் இருந்தது. "உங்க வீட்டுக்காரங்ககிட்ட நான் நேரா கேட்கணும்" என்றாள்.

நான் ஆம்பிளை, அவமானத்தைத் தெருவில் வாங்கித் தெருவிலேயே துடைத்துக்கொள்வேன். ஜுபைதா அவள் வாப்பாவுக்கு எதிரே ஒரு வார்த்தை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அவர் செருமினால் கையிலிருக்கிற பீடியை அப்படியே வைத்துவிட்டு எழுகிறவள். போன முறை அவள் சொன்னதும் பொய்தான். அதையே இப்போதும் சொல்லிவிட்டால் நான் கடையில் சொன்னதெல்லாம் வீண்.

நாங்கள் கிளம்ப, கடையே பின்னால் கிளம்பியது. கனி காக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். மாமனார் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துபோய்த் தன் வீட்டுப் படியில் ஏறி வாசலை மறைத்து நின்றுகொண்டார். நான் படிக்குக் கீழே தெருவிலேயே நின்றேன். திறந்திருந்த சன்னலுக்கு உள்ளே பழைய சேலைத் திரை. அதற்குப் பின்னால் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டது.

பிருந்தா சன்னல் பக்கம் போய் நின்று கேட்டாள். "அம்மா, நான் போன தடவை வந்தவ. உங்க வீட்டுக்காரர் குழந்தையைத் தானே பார்த்துக்கறதா எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கார். அது உண்மையா?"

கத்தரிச் சத்தம் நின்றது.

"ஜுபைதா" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லிலேயே என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் இருந்தது.

"உண்மைதான்" என்றாள் ஜுபைதா.

குரல் முதலில் கம்மிப்போய் வந்தது. அவளே அதைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "உண்மைதான். குளிப்பாட்டுதது, ஊட்டுதது, தூங்க வைக்கது, எல்லாம் அவுகதான் செய்யுதாவ. எம் மவ இன்னைக்கு உசுரோட இருக்கான்னா அவுகளாலதான். நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. எழுதிக்கிடுங்க."

"ஏட்டி, உள்ள போ" என்றார் மாமா.

"உள்ளதான் இருக்கேன் வாப்பா. அவுகளப் படி ஏறக்கூடாதுன்னு சொன்னீயளாமே. கடையிலருந்து முன்னாடியே வந்து சொல்லிட்டாவ. அப்ப நானும் எம் மவளும் எறங்குதோம். சுளக நீங்க வச்சுக்கிடுங்க. நாளைக்கு இலைய யாரு வெட்டுதா, யாரு சுத்துதான்னு பாருங்க."

உள்ளே மாமியார் "என்னட்டி இது" என்று அழத் தொடங்கினாள். ஜுபைதா நிறுத்தவில்லை. திரை விலகியது. முந்தானையால் தலையை மூடியபடி ஹம்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் விரலெல்லாம் தூள் ஒட்டியிருந்தது. பிருந்தாவைப் பார்க்காமல் வாசலில் நின்ற தன் வாப்பாவின் முதுகையே பார்த்தாள்.

"இன்னொண்ணும் எழுதுங்கம்மா. நாங்க நாலு பொட்டப்புள்ளைய. எங்கள்ல ஒருத்தியக்கூட எங்க வாப்பா ஒரு நாளும் தூக்குனதில்ல. ஊர்ல என்ன சொல்லுவாவளோன்னு தூக்கல. நான் காத்துக் கெடந்திருக்கேன். எழுதிட்டீயளா?"

"எழுதிட்டேன்" என்றாள் பிருந்தா.

"வாசிச்சுக் காட்டுங்க."

பிருந்தா எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "தாயின் கூற்று. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் உறங்கவைப்பதும் என் கணவரே. முன்பு நான் சொன்னது பொய். என்னையும் என் சகோதரிகளையும் எங்கள் தகப்பனார் ஒரு நாளும் தூக்கியதில்லை. நான் காத்துக் கிடந்திருக்கிறேன்."

மாமா திரும்பவில்லை. வாசலை மறைத்திருந்த கையை மட்டும் எடுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.